கூட்டாளிக்கு எழுதாத கடிதம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசையில் ஓர் ஏர்மெயில் கடிதம். இங்கிலாந்து முத்திரை. வீடே அதைச் சுற்றி நிற்கிறது. எனக்கோ பிரிக்கக் கை வரவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? பொறாமை! வாராவாரம் இந்தச் சிறுவர் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிற உங்கள் மாமாவுக்கு, நாற்பத்திரண்டு வயதில் பொறாமை!

மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது இது. மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, கராம்பு விற்கிறவன் நான். ஒரு காலை, கடையைத் திறந்துவிட்டுக் கொழும்புப் பத்திரிகையை விரித்தேன். இரண்டாம் பக்கத்தில் குலேந்திரன் சிரிக்கிறான்.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரரின் மகன். எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தவன். இப்போது லண்டனில் பெரிய டொக்டர்.

சில குழந்தைகள் உதடு பிளந்தும் பாதம் வளைந்தும் பிறக்கின்றன அல்லவா? அது ஏன் என்று ஆராய்வதற்கென்றே ஒரு விஞ்ஞானச் சஞ்சிகை இருக்கிறதாம். அதற்குப் புதிய பத்திராதிபர்... குலேந்திரன்!

பத்திராதிபரா? எங்கள் பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பத்திராதிபர் யார் தெரியுமா? நான்! அவன் எனக்குத் துணை. தவளையைப் பற்றி அவன் எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக வெட்டியவன் நான். எட்டாம் வகுப்போடு வாப்பா என்னைக் கடையில் உட்காரவைத்தார். அவன் ரயில் ஏறினான். பிறகு கப்பல்...

ஸுபைதா, என் மனைவி, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ஒங்க கூட்டாளிதானே? நம்ம நஸீராட விஷயத்தக் கேட்டு ஒரு கடிதம் போடுங்களேன்.”

நஸீரா எங்கள் மகள். ஒன்பது வயது. மேலுதடு பிளந்து பிறந்தவள். கண்டியில் தைத்தார்கள், தழும்பு இருக்கிறது. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி கத்தி பிடித்தால் பிள்ளைக்கு வெட்டு விழும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நஸீரா வயிற்றில் இருந்தபோது, ஒரு கிரகணத்தன்று ஸுபைதா பாக்கு வெட்டினாள். சொந்தக்காரர்கள் அதை மறக்கவில்லை. அவளை மறக்க விடவுமில்லை.

“எழுதுறேன்” என்றேன்.

எழுதவில்லை. முதல் வாரம் தபால் கந்தோரில் சனம் என்றேன். அடுத்த வாரம் நல்ல பேனா இல்லை என்றேன். பிள்ளைகளே, உங்களுக்கு இந்தப் பத்தி எழுத மட்டும் பேனா எங்கிருந்து வந்தது? ஸுபைதா கேட்கவில்லை. பேனாவைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஒருநாள் உட்கார்ந்து எழுதியும் முடித்தேன். வாசித்துப் பார்த்தால், முக்கால்வாசி இந்தப் பத்தியைப் பற்றி! எத்தனை ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், யார் யார் பாராட்டினார்கள்... நஸீரா கடைசியில், இரண்டே வரியில். கிழித்துப் போட்டேன். போயும் போயும் அவனிடமா கேட்பது? இப்படியே ஆறு வாரம்.

அப்புறம் ஒரு மத்தியானம் நஸீரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். சோறு வேண்டாம் என்றாள். நேரே குசினிக்குப் போனாள்.

“உம்மா, நீங்களா என் உதட்ட வெட்டினீங்க?”

சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“யாரும்மா சொன்னது?”

“ஸ்கூல்ல. கிரகணம் புடிச்ச நேரம் நீங்க பாக்கு வெட்டினீங்களாம். அந்த வெட்டுத்தானாம் இது.”

ஸுபைதா திரும்பினாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே கடிதம் தபாலில் போனது. என் பத்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சரி... ஒரே ஒரு வரி இருந்தது.

அதற்குத்தான் வெள்ளிக்கிழமை பதில் வந்திருந்தது.

“பிரிங்களேன் வாப்பா! கை என்ன ஒட்டிக்கிச்சா?” என்றாள் நஸீரா.

பிரித்தேன். முப்பது வருஷத்துக்குப் பிறகும் அதே குண்டுக் கையெழுத்து. சத்தமாக வாசித்தேன்.

‘இப்படிப் பிறப்பதற்கு முழுக்காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரியாததைத் தேடத்தான் இந்தச் சஞ்சிகை. ஆனால் கிரகணமும் காரணமில்லை, பாக்குவெட்டியும் காரணமில்லை. உன் மனைவி ஒரு பிழையும் செய்யவில்லை. மகளுக்கும் இதை வாசித்துக் காட்டு.’

அடியில் இன்னொன்று: ‘என் தவளையை வெட்டினாயே, ஞாபகமா? நீளமாக எழுதுகிற பேராசிரியர்களை நானும் இப்போது அப்படித்தான் வெட்டுகிறேன்.’

பாருங்கள்! நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறான்.

ஸுபைதா மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். நஸீரா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், சொல்வதற்கு. அவள் படி இறங்கியதும் ஸுபைதா மெதுவாகக் கேட்டாள்.

“அண்டைக்கு வெத்திலத் தட்டு கேட்டது யாரு?”

 பல்லேபொலவிலிருந்து மிளகு கொண்டுவந்த ஆட்கள் கிரகணத்தன்று முன்னறையில் இருந்தார்கள். “தட்டு எங்க? பாக்கு எங்க?” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டவன் நான்தான்.

“ஒங்க உம்மா கேட்டாங்க. ராத்தா கேட்டாங்க. ‘அந்த நேரத்துல ஏன் வெட்டினே’ண்டு. நான் ஒங்க பேரச் சொல்லல்ல.”

ஒன்பது வருஷம், பிள்ளைகளே. அதில் ஆறு வாரம் என் பொறாமைக்காக.

உங்கள் வகுப்பில் யாருக்காவது உதட்டில் தழும்போ, காலில் வளைவோ இருக்கலாம். அது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லாதீர்கள். யாராவது கிரகணம் என்று தொடங்கினால், அப்படி இல்லை என்று சொல்லுங்கள். மாமா சொன்னார் என்று வேண்டாம்... டொக்டர் குலேந்திரன் சொன்னார் என்றே சொல்லுங்கள். நம்புவார்கள்.

கடிதம் இப்போது அலுமாரியில், ஸுபைதாவின் கல்யாணச் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. என் பத்திகளா? குசினிப் பலகைத் தட்டில், ஊறுகாய்ப் போத்தலுக்கு அடியில்!