ஓடையை எல்லையாக வைத்தோம்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சில் தோற்றவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கள் நிலம் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், கரட்டுக் குன்றிலிருந்து இறங்கும் ஓர் ஓடையின் இரு கரையிலும் இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலும் அது காய்ந்த தடம்தான். ஐப்பசி மழைக்குச் செந்தண்ணீர் வரும். அப்பா இறந்த பிறகு அண்ணனும் நானும் பிரிந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். வைத்தவன் ஏமாற்றினான் என்ற பேச்சு வராது. அண்ணன் ஓடையையே எல்லையாக வைத்தார். கூடப் பிறந்தவர்களுக்குள் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நடுவது கேவலம் என்று பெரியவர்களும் சொன்னார்கள்.

கிழக்குக் கரை ஆளுயரத்துக்குக் கருமண், ஓரத்திலேயே கிணறு. மேற்குக் கரை சரிவான மணல். நான் கிழக்கை எடுத்தேன். அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஓடை அந்த இடத்தில் கிழக்கே வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமெடுக்கும். கரையின் அடியைக் குடையும், மேலே இருப்பது தானாகச் சரியும். உள்பக்கம் தண்ணீர் மெதுவாகப் போகும், மெதுவாகப் போகிற தண்ணீருக்குச் சுமக்கத் தெம்பு கிடையாது. முதலில் கூழாங்கல்லைக் கீழே போடும், அப்புறம் மணலை, தேங்குகிற இடத்தில் வண்டலை. பங்கு எடுத்த அன்று இதெல்லாம் யார் பார்த்தார்கள்? உயரமான கரை நல்ல கரை என்று நினைத்தேன். ஓடை அறுத்துக்கொண்டே இருந்ததால்தான் அது அப்படிச் செங்குத்தாக நின்றது.

ஒவ்வொரு மழைக்கும் என் கரை பின்னால் வந்தது. வரப்போரத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. எல்லை ஓடைதான் என்பதால், ஓடை இந்தப் பக்கம் நகர நகர அண்ணன் காடு அகலமானது. டிராக்டரில் கல் கொண்டுவந்து கரையில் அடுக்கினேன். தண்ணீர் கல்லுக்குப் பின்னால் புகுந்து இன்னும் ஆழமாகத் தோண்டியது. ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது அண்ணன் பக்கத்து மணல் பறந்து வந்து என் வெங்காயப் பாத்தியை மூடும். சோற்றில் நறநறவென்று கடிபடும். கருமண்ணைத் தண்ணீர் கொண்டுபோனது, காற்று திருப்பித் தந்தது வெறும் மணல். அந்த மாதம் முழுக்க என் மனைவி சட்டிக்கு மூடி போட்டபடியே அண்ணனைத் திட்டுவாள்.

கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கிணறு போனால் எனக்கு வெள்ளாமை இல்லை. அண்ணன் பக்கத்து மணல்மேட்டைக் குறுக்கே வெட்டிவிட்டால் தண்ணீர் நேராகப் போய்விடும். அவருக்கு அதில் கொஞ்சம் கொள்ளுக்காடு போகும், அவ்வளவுதான். சொந்தச் செலவில் ஜேசிபி வைத்து வெட்டிக்கொள்கிறேன் என்று பெரியவர்கள் முன்னால் கேட்டேன். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அங்கே பாதிதான் வந்தது.

அண்ணன் கோபப்படவில்லை.

"ஓடைக்கு நானா தடம் சொல்லிக் குடுத்தேன் தம்பி? பங்கு வெச்சது நானு, எடுத்தது நீயி. அன்னைக்கு மணலைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனயல்லொ."

பங்கு எடுத்த அன்று நான் சிரிக்கவில்லை.

"அவுங்க சொல்றது நாயந்தானுங்க. தண்ணி மேல போயி பிராது குடுக்க முடியுமா சாமி?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் எனக்கும் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில் கரட்டின் மேல் மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. சாயங்காலம் ஓடை இரு கரையும் தொட்டு வந்தது. நான் குடையில்லாமல் கிணற்று மேட்டில் நின்றேன். காலடியில் மண் மாவு போலக் கரைந்து, கட்டி கட்டியாக விழுந்தது. முதலில் மோட்டார் அறை சாய்ந்தது. பிறகு கிணற்றுக் கற்கட்டு ஒரு பக்கமாகப் பிளந்து, ஓடை உள்ளே இறங்கியது. எதிர்க்கரையில் அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நடுவே தண்ணீர் இரைச்சல். "அண்ணா" என்று கூப்பிட்டேன். கேட்டதா என்று தெரியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. கிணறு விளிம்பு வரை மணலால் நிரம்பியிருந்தது. அண்ணன் தன் பக்கம் புதிதாகப் படிந்த வண்டலில் கொள்ளு விதைத்தார்.