மைத்துனன் கையில் லிஃப்ட்காரரின் நாடி

மருந்துக்கடை வரிசையில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது லிஃப்ட்காரரின் மனைவி காதில் விழுந்தது. கையில் பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அது வேவு பார்க்கிறதாம். யாருடைய பெரியம்மாவோ சேர்ந்தாற்போல் சில நாள் படுத்தே கிடந்தாராம். இந்த உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் மருந்தையே நிறுத்திவிட்டார்களாம். பெரியம்மா அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

கேட்டதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் லிஃப்ட்காரர் இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளும் நாளில் மட்டும் வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் உங்கள் நாடி, சூடு, நடை எல்லாவற்றையும் இதுவே எங்களுக்குச் சொல்லிவிடும் என்று கட்டிவிட்ட கறுப்புப் பட்டை. இன்னும் இரண்டு தடவை மருந்து பாக்கி. அந்த இரண்டும் ஏறிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், நோய் வருவதற்கு முன்பும் அவர் நடந்தவரில்லை. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில், லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தியே தலை நரைத்தவர். போன தூரத்தைக் கூட்டினால் வானத்தைத் தாண்டியிருக்கும், எல்லாம் உட்கார்ந்த வாக்கில். தானாக ஓடுகிற லிஃப்ட் வந்த பிறகும் அவரை யாராலும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. ஏழாவது மாடியில் கதவு சில நேரம் மூடாமல் அடம்பிடிக்கும். ஓர் இடம் பார்த்து ஓர் உதை விட்டால் மூடிக்கொள்ளும். அந்த இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். உதைக்கும்போது உள்ளே இருப்பவர்களை மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிடுவார். மேலாளர்கள்கூடத் திரும்பி நின்றிருக்கிறார்கள்.

"ஏங்க, எழுந்து கொஞ்சம் நடங்களேன்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போக வேணாம். சும்மா நடங்க."

"போற இடம் இல்லாம எவனாவது நடப்பானா?"

ஆனாலும் நடந்தார். சமையலறை வாசல்வரை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. மருந்து காலில் இருந்த கொஞ்சநஞ்ச பலத்தையும் உறிஞ்சியிருந்தது.

சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். அலுவலகங்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன்.

"இதுக்கா மாமா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க? நான் ஏறி எறங்கற படிய பாத்தா அந்த டாக்டரே மயங்கி விழுவாரு. கழட்டிக் குடுங்க."

"தப்பில்லையா மாப்ள?"

"உங்க கால்ல நடந்தா என்ன, என் கால்ல நடந்தா என்ன? ஒரே குடும்பந்தானே."

அன்றிலிருந்து பட்டை பகலில் மைத்துனன் கையிலும் இரவில் லிஃப்ட்காரர் கையிலும் இருந்தது. அடுத்த வாரமே நர்ஸ் போன் செய்தாள்.

"சார், பிரமாதமா நடக்கறீங்க. மத்தவங்ககிட்டயெல்லாம் டாக்டர் உங்களத்தான் சொல்லிட்டிருக்கார்."

"ஏதோ நம்மால முடிஞ்சது," என்றார் அடக்கமாக.

பாராட்டு உடம்பில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலமானால் கெண்டைக்கால் வலிக்கிறது என்று மனைவியைத் தைலம் தேய்க்கச் சொன்னார். மைத்துனன் உள்ளே நுழைந்ததும், "இன்னைக்கு நான் எங்கெல்லாம் போனேன்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"உங்களுக்கு வெக்கமாவே இல்லையா?" என்றாள் மனைவி. தைலம் என்னவோ தேய்த்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் பட்டையை மாட்டிக்கொண்டே மைத்துனன் சொன்னான். "உங்க கட்டடத்துல லிஃப்ட் படுத்துடுச்சு மாமா. ஏழாவது மாடியில கதவ தொறந்து வெச்சிட்டு அப்படியே நிக்குது. எங்க ஒதைக்கணும்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"நான் வந்து ஒதைச்சாதான் மூடும்னு சொல்லு."

"அப்ப இன்னைக்கு கேன் எல்லாம் படியிலதான்."

"நல்லதுதானே. எனக்கும் நடை கூடும்."

பதினொரு மணி வாக்கில் நர்ஸ் போன் செய்தாள். இந்தத் தடவை குரலில் சிரிப்பில்லை.

"சார், என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"உக்காந்துக்கிட்டா? நாடி நூத்தி எழுபது காட்டுதே."

"நடந்துட்டு இப்பத்தாம்மா உக்காந்தேன்."

"இன்னும் ஏறுது சார். துடிப்பும் சீரா இல்ல. நெஞ்சு வலிக்குதா?"

லிஃப்ட்காரர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"தெரியலையே."

"உங்க நெஞ்சு வலிக்குதான்னு உங்களுக்குத் தெரியாதா? அசையாம படுங்க, ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"இரும்மா. நான் நடக்கலன்னா மருந்த நிறுத்திடுவீங்கதானே?"

"யார் சார் சொன்னா? நடை கொறைஞ்சா எப்படி இருக்கீங்கன்னு போன் பண்ணி விசாரிப்போம், அவ்வளவுதான். சார், இப்ப திடீர்னு எறங்குது. நாப்பத்தி ரெண்டு. பேசுங்க சார்."

"அது நான் இல்லம்மா."

"எது?"

"அந்த நாடி. அது என் மச்சானோடது. வண்டிய இங்க அனுப்பாத, கட்டடத்துக்கு அனுப்பு. படிக்கட்டுல இருப்பான், தோள்ல கேனோட."

நர்ஸ் குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னாள். "சரி சார், சரி. நெனவு தப்பும்போது இப்படித்தான் தோணும். வண்டி உங்க வீட்டுக்குக் கெளம்பிடுச்சு. கதவ மட்டும் தொறந்து வைங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மனைவி சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள்.

"ஆபீசுக்கு நீ போன் போடு. அவன் படியில விழுந்து கெடக்கான், தேடச் சொல்லு. அவன கீழ கொண்டாறணும், லிஃப்ட் ஓடணும். ஏழாவது மாடி கதவு, எடப்பக்கம், அடியிலேருந்து ஒரு சாண் மேல ஒதைக்கச் சொல்லு. பலமா வேணாம். குதிகாலால."

இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட அவர் சொல்லாதது. அவள் எண்களை அழுத்தி, அதை அப்படியே யாருக்கோ கத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.

லிஃப்ட்காரர் தன் போனில் மைத்துனன் எண்ணைத் தட்டிக் காதில் வைத்தபடி எழுந்தார். சமையலறை வாசலைத் தாண்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருக்கதவைத் திறந்து வெளியே இறங்கினார். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம், அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது.

"எடு மாப்ள," என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.