கப்பலில் இருந்த கால்

சீனாவிலிருந்து ஒரு சாமான் வர எத்தனை நாளாகும் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. ஏஜெண்டுகள் முதலில் சில வாரம் என்பார்கள். பிறகு அங்கே பெருநாள் லீவு, இங்கே சுங்கத்தில் கூட்டம் என்பார்கள். கடைசியில் கப்பலில் இருக்கிறது என்பார்கள். கப்பலை நாம் போய்ப் பார்க்க முடியாது, அதனால் அந்தப் பதில் அவர்களுக்கு வசதி.

அப்போது நான் லாரி அட்டெண்டன் வேலையை விட்டுவிட்டு செனாவாங்கில் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடந்தேன். பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவன், வேலைகளையும் பாதியில் விட்டவன். அக்கா வீட்டுக்காரர் அப்படியில்லை. மாமா புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைக் குலை வெட்டியவர். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஒரு தொழிற்சாலை வாசலில் காவல்கார ஜாகா வேலை தேடிக்கொண்டார். காக்கிச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். அந்தக் காலின் அடியில் இருந்த ரப்பர் பாதம் ஒருநாள் குதிகாலோடு பிளந்துபோனது.

ஊன்றுகோலோடு வருகிற ஆளை கேட்டில் நிறுத்த முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். சிரம்பானில் கால் பொருத்துகிறவரோ, ஆஸ்பத்திரி வழியாகப் போனால் வரிசை நீளம், பாதத்தை மட்டும் வெளியில் வாங்கி வந்தால் உடனே மாட்டித் தருகிறேன் என்று அளவும் படமும் அனுப்பினார்.

மம்பாவில் ஓர் அம்மா வீட்டிலிருந்தபடியே சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சாமான் தருவித்துக் கொடுப்பார். எங்கள் பக்கத்துச் சனம் துணியோ குத்துவிளக்கோ அவரிடம்தான் சொல்லும். நானும் படத்தை அவருக்கு அனுப்பினேன். 'ஓகே தம்பி' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் 'கப்பல்ல இருக்கு தம்பி' என்ற ஒரே வரிதான். மாமா ஒற்றைக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, என் கைத்தொலைபேசி மணியடித்தால் என் முகத்தைப் பார்ப்பார். அது வாய்விட்டுக் கேட்பதைவிட மோசம்.

மாதக் கடைசியும் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து நேரில் கேட்டுவிடுவது என்று மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மம்பாவுக்குப் போனேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் வீட்டு முன்கூடம் முழுக்கச் சேலையும் பஞ்சாபி சூட்டும். நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் சாமான் என்னம்மா ஆச்சு?"

"கப்பல்ல இருக்கு தம்பி. நான் என்ன நீந்திப் போயா தூக்கிட்டு வர முடியும்?"

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி சேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏன்க்கா, அந்தக் காலு இன்னும் பின்னாடிதான் கெடக்கா? பூசாரி வந்து பாத்தாரா?" என்றாள்.

"நாளைக்கு வர்றேன்னு சொல்லிருக்காரு. அத ஏன்டி இப்ப ஞாபகப்படுத்துற."

"எந்தக் காலு?" என்று கேட்டேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரோ செய்வினை செஞ்சி அனுப்பிருக்காங்க தம்பி. சரக்குப் பெட்டியத் தொறக்குறேன், துணிக்கு நடுவுல மனுசக் காலு. வெரலு, நகமெல்லாம் இருக்கு. யாவாரம் நல்லா போவுதுல்ல, பொறுக்கல. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

நான் செருப்போடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் பேசினுக்குள் மாமாவின் பாதம் கிடந்தது. மேலே எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, விபூதி கொட்டி, விரல்கள் முழுக்கக் குங்குமம் அப்பியிருந்தார்கள். கருப்புத் துணி வேறு கட்டியிருந்தது.

"தொடாத தம்பி," என்று அந்த அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"இது என் மாமாவோட காலு. நான் ஆர்டர் பண்ணது. படம் அனுப்பினேனே, பாக்கலயா?"

"ஒரு நாளைக்கு எத்தனை படம் வருது. வர்றத அப்படியே சீனாவுக்குத் தள்ளி விட்டுருவேன் லா."

"அப்ப கப்பல்ல இருக்குன்னீங்களே, எதைப் பாத்துச் சொன்னீங்க?"

"எல்லாருக்கும் அதானே தம்பி சொல்றது."

கையை ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த அம்மா பயந்ததை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சனத்தில் பெட்டியைத் திறந்ததும் தனிக் காலைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். ஆனால் பூசாரியிடம் கேட்கத் தோன்றியது, பூசை போடத் தோன்றியது, காத்திருக்கிற ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு இது உன்னுடையதா என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. ஒரு மனுசன் வீட்டுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவருடைய கால் இங்கே பேசினில் கிடந்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தை அவர் முற்றத்திலேயே வீசிவிட்டுப் பாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மதியமே சிரம்பானில் பாதத்தை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "வேலைக்குப் போய்ட்டு வந்துருவோம்," என்றார். நேராகத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனேன். கேட்டில் புதிதாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசர் வெளியே வந்தார்.

"நேத்துதான் ஆள் போட்டோம் அண்ணே. மேல இருந்து சத்தம் போட்டாங்க. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா பேசிப் பாத்திருப்பேன்."

"ரெண்டு கால்லயும்தான் நிக்கிறேன், பாருங்க," என்றார் மாமா. சூப்பர்வைசர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் மோட்டாரைக் கிளப்பினேன். "ஏறுங்க மாமா."

"நீ போ. நான் நடந்து வர்றேன்."

"வீடு தூரம். புதுக் காலு, புண்ணாயிரும்."

"போடான்னா."

அவர் முன்னால் நடந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போயின. நான் முதல் கியரில் அவர் பின்னாலேயே ஊர்ந்தேன், வீடு வருகிறவரை.