கவாத்துக்காரரின் இடது கை

உருண்டை அரத்தை வலது கையில் பிடித்து, சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் மூன்று இழுப்பு இழுத்துக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார் கவாத்துக்காரர். மாடி வீட்டின் பால்கனியில் ஒரு பெஞ்சு, அதன்மேல் அவருடைய பழைய பெரிய ரம்ப மிஷின். இடது கை சங்கிலியை நகராமல் அழுத்திக்கொண்டிருந்தது. பதினேழாவது பல்லுக்கு வந்திருந்தார். பெஞ்சின் ஓரத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கையைப் பாருங்க" என்றேன்.

"எந்தக் கையை?" என்றார், அரத்தை நிறுத்தாமல்.

அவருடைய நோயை இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் எழுதியதில்லை.

கழுவி, கட்டுப் போட்டேன். நடுவிரல் நுனி, ஆழமான வெட்டு இல்லை. நான் கட்டும்போதும் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. யாரோ ஒருவருடைய விரலுக்குக் கட்டுப் போடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி பெற்றவள் நான். மூன்று மாதம் தினமும் போய் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். கால் நேரானது. பேச்சு திரும்பியது. இடது கையில் பலமும் வந்தது, தண்ணீர் வாளியைத் தூக்குகிறார். உணர்வு மட்டும் வரவில்லை. கண் கையின்மேல் இருக்கும்வரை அது சொன்னதைக் கேட்கும். கண்ணை எடுத்தால் அது அதன் வழியில் போகும். போனது அவருக்குத் தெரியாது.

அவர் தொழில் கவாத்து, மரங்களுக்குக் கிளை கழிப்பது. இருபத்திரண்டு வருடம். இடுப்பில் கயிறு கட்டி மரத்தில் ஏறி உட்கார்ந்து வெட்டுவார். மிஷினை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை இந்தத் தொழிலில் மதிக்கிறவர்கள் குறைவு. வலது கையில் மிஷின் ஓடும். இடது கை வெட்டுப்படும் கிளையைப் பிடித்திருக்கும். அறுந்த கிளையைக் கீழே போடாமல் கயிற்றில் மாட்டி மெதுவாக இறக்குவார்கள். இவர் வெட்டிய இடத்தில் ஓடு உடைந்ததில்லை, நிறுத்திய காரில் கீறல் விழுந்ததில்லை என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது இடது கைதான்.

ஆஸ்பத்திரி வளாகத்து மரங்கள்தான் அவருக்கு நிரந்தர வேலை. நாற்பத்தொரு மரம். அங்குள்ள மேலாளர் எட்டு மாதம் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இனி முடியாது, நாளைக் காலை ஆறரைக்கு மிஷினோடு வரவில்லை என்றால் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய மிஷினைத் தோள் தாங்காது. சின்ன மிஷின் ஒன்று இன்றே வாங்க வேண்டும்.

அதற்காகத்தான் கவாத்துக்காரரின் மனைவி என்னை அழைத்திருந்தார். அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிறவர், வளவளவென்று பேசத் தெரியாதவர்.

"நீங்களும் கடைக்கு வாங்க சிஸ்டரம்மா. நான் சொன்னா பொண்டாட்டிக்குப் பயம்னு சொல்லுவாரு. நீங்க சொன்னா வைத்தியம்னு எடுத்துக்குவாரு."

"எதுவும் எடுத்துக்க மாட்டேன்" என்றார் அவர் பால்கனியிலிருந்து.

மனைவியின் தம்பி வேன் கொண்டுவந்தான். மாமா மேலே வெட்டும்போது கீழே கயிறு பிடிக்கிறவன். நல்ல உழைப்பாளி, வாயை மட்டும் யாரும் மூட முடியாது.

கடைக்காரர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "தொழிலுக்கா, வீட்டுக்கா?"

"தொழிலுக்கு" என்றார் கவாத்துக்காரர். அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்று எட்டு மாதம் ஆயிற்று.

மேசைமேல் மூன்று வந்தன. ஒன்று பெட்ரோலில் ஓடுவது, கைப்பிடி மேலே இருக்கும், முன்னால் இடது கைக்கு இன்னொரு பிடி, மரம் ஏறுகிறவர்களுக்கென்றே செய்தது. அடுத்தது பேட்டரி மிஷின், பின்னால் ஒரு பிடி, முன்னால் ஒரு பிடி. மூன்றாவது உள்ளங்கை அகலத் தகடு வைத்த குட்டி மிஷின், தோட்டம் வைத்திருப்பவர்கள் பொழுதுபோக்குக்கு வாங்குவது.

"இது என்ன, வெண்டைக்காய் நறுக்கவா?" என்றார் குட்டியைப் பார்த்து.

"வாங்கிக்கோ மாமா. வேலை இல்லாத நாள்ல அக்காவுக்கு உதவியா இருக்கும்" என்றான் மைத்துனன். "என்னைக் கேட்டா அந்தப் பெட்ரோல்தான். ஒத்தைக் கையிலயே ஓட்டலாம்."

"ஒத்தைக் கையில ஓட்டக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு" என்றார் கடைக்காரர்.

"எழுதுறவன் எழுதுவான். ஏறுறவன் ஏறுவான்."

கவாத்துக்காரர் சிரித்தார். பெட்ரோல் மிஷினைத் தூக்கி எடை பார்த்தார். முகம் மாறியது. இது போதும், வேறு எதுவும் பார்க்க வேண்டாம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"ஓட்டாமலே பிடிங்க. முன்பிடியை இடது கையில. அப்படியே கூரையைப் பார்த்துக்கிட்டு, ஆஸ்பத்திரியில எந்த மரத்துல ஆரம்பிப்பீங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். வாசல் மரம், அதன் வடக்குக் கிளை ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்கு மேலே சாய்ந்திருப்பது, அதற்கு எங்கே கயிறு கட்ட வேண்டும் என்பது. சொல்லச் சொல்ல இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கை பிடியை விட்டு இறங்கி இடுப்பருகே தொங்கியது. மைத்துனன் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"இப்ப பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

"குனிஞ்சு பாருங்க" என்றேன். அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "சும்மா நிக்கிற மிஷினைப் பிடிச்சா கை தூங்கத்தான் செய்யும். ஓடட்டும், அப்புறம் பாருங்க" என்றார். கடைக்குப் பின்னால் மிஷின்களைச் சோதிப்பதற்காக ஒரு மரத்துண்டைத் தாங்கியில் வைத்திருந்தார்கள். கடைக்காரர் தயங்கினார். கவாத்துக்காரர் அதற்குள் கையுறை, கண்ணாடி, கால் கவசம் எல்லாம் மாட்டியிருந்தார். நான் தடுத்திருக்க வேண்டும். என் கணக்குத் தப்பு: கை பிடியை விட்டால் மிஷின் கனத்து, அவரே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வெட்டு அருமையாக விழுந்தன. இடது கையைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். மூன்றாவதில் வேலை ருசித்துவிட்டது போலும், கண் முழுவதும் வெட்டுக்குப் போனது. இடது கை பிடியை விட்டது. தொங்கவில்லை. முன்னால் நீண்டு, வெட்டுப்படும் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டது, கிளையைப் பிடிப்பதுபோலவே. இருபத்திரண்டு வருடப் பழக்கம். மிஷின் சின்னது, வலது கைக்குப் பாரமே தெரியவில்லை. சங்கிலிக்கும் விரலுக்கும் நடுவில் நான்கு அங்குலம். பிறகு மூன்று.

மிஷின் ஓட்டுகிறவரைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. திடுக்கிட்டால் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கத்தினால் அந்தச் சத்தத்தில் காதில் விழாது. மைத்துனன் ஓர் அடி எடுத்து வைத்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் மனைவி ஓடவில்லை. நாலைந்து அடி தள்ளிச் சுற்றி நடந்து, மரத்துண்டுக்கு நேர் எதிரே, அவர் கண் படும் இடத்தில் போய் நின்றார். தன் இடது கையைத் தூக்கினார். விரல்களை விரித்துக் காட்டினார்.

கவாத்துக்காரர் விசையை விட்டார். சங்கிலி நின்றது. எஞ்சின் மட்டும் பொறுமையில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வந்து அதை அணைத்தார்.

கையுறையின் நடுவிரல் நுனியில் நூல் பிரிந்திருந்தது. உள்ளே நான் காலையில் போட்ட கட்டு தெரிந்தது.

"நான் சொல்லலியே" என்றார் அவர், கையுறையைக் கழற்றியபடி. "நான் போகச் சொல்லலியே அதை."

"அதுக்கு யாரும் சொல்ல வேண்டாம், மாமா" என்றான் மைத்துனன். அவன் கிண்டல் செய்யாமல் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

கடைக்காரர் நல்லெண்ணத்தில் குட்டி மிஷினை எடுத்து நீட்டினார். ஒரே கைக்கு உண்டானது, எடை இல்லை, இதைக் கொண்டு சின்னச் சின்ன வேலை பார்க்கலாம் என்றார்.

கவாத்துக்காரர் அதைத் தொடவில்லை. "இதுல இடது கைக்கு வேலையே இல்ல. வேலையில்லாத கைதான் கிளையைப் பிடிக்கப் போகும். சங்கிலி எகிறினா நிறுத்துற பிரேக்கும் இதுல கிடையாது."

"அப்ப பேட்டரி?"

"அதுவும் இதே நீளம்தான். எந்தச் சின்ன மிஷின் வாங்கினாலும் சங்கிலி என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கும்."

சொன்னபிறகு அவரே நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மூலையில் கம்பு மிஷின் சாய்ந்திருந்தது. ஆளைவிட நீளமான குழாய், நுனியில் சின்ன ரம்பம், தோளில் மாட்ட வார். விசை பின்முனையில், வலது கைக்கு. இடது கை எவ்வளவு நீண்டாலும் சங்கிலியைத் தொட முடியாது.

"அது வீட்டுக்காரங்க வாங்குறது" என்றார் கடைக்காரர் மெதுவாக. "தரையில நின்னு, கைக்கு எட்டாத கிளையைத் தட்டிவிடறதுக்கு. நீங்க தொழிலுக்குன்னு கேட்டீங்க."

"தெரியும்" என்றார்.

வாரை மாட்டிக்கொண்டு நாலு வெட்டு வெட்டினார். நாலிலும் இடது கை விட்டது. குழாய் தோளில் தொங்கி நுனி சரிந்தது. அவ்வளவுதான், விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவதுக்கு, குழாயோடு சேர்த்துக் கையை ஒரு துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டச் சொன்னேன். கட்டினால், கிளை மேலே விழ வரும்போது மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு விலக முடியாது என்றார். அவர் சொன்னது சரி. கட்டவில்லை.

கம்பு மிஷினை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். இறங்கும்போது மனைவிதான் கேட்டார், "நாற்பத்தியொண்ணுல எத்தனை எட்டும்?"

"காலையில அளந்துதான் பார்க்கணும்."

மறுநாள் காலை ஆறேகாலுக்கே வளாகத்தில் இருந்தார்கள். நானும் போனேன், புறநோயாளிகள் வருமுன் வேலை முடிய வேண்டும், அந்த நேரம் எனக்குச் சௌகரியம். மேலாளர் வந்தபோது கவாத்துக்காரர் மிஷினை ஓட்டாமல் ஒவ்வொரு மரமாக நுனியை உயர்த்தி அளந்துகொண்டிருந்தார். எட்டிய மரத்தில் மனைவி ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். வாசல் மரத்தில் கோடு விழவில்லை. வடக்குக் கிளை இரண்டு ஆள் உயரம் மேலே இருந்தது. அதன் கீழே மட்டும் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

இருபத்து மூன்று கோடு.

"இருபத்து மூணு நான் பண்றேன் சார். பாக்கி பதினெட்டு ஏறி வெட்ட வேண்டியது. நான் இனிமே ஏற மாட்டேன்."

"அதை யாருக்குக் குடுக்க?" என்றார் மேலாளர். மைத்துனனைப் பார்த்தார். அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இவன் ஏறுவான். ஆனா ஒத்தைக் கையில வெட்டுவான். எங்கிட்டப் பார்த்துப் பழகினது. ரெண்டு கையும் மிஷின்ல இருந்தா இவனுக்குக் குடுங்க. ஒரு தடவை கை கிளைக்குப் போனா அன்னிக்கே கம்பெனிக்கு எழுதிருங்க."

"மாமா, அப்ப கிளையை யாரு பிடிப்பா?"

"கயிறு பிடிக்கும். முதல்லயே கட்டு. நேரம் ஆகும், ஆகட்டும்."

மேலாளர் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். கவாத்துக்காரர் வாரைத் தோளில் சரிசெய்தார். மனைவி ஆளரவம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரே, வெட்டு விழாத தூரத்தில், அவர் கண் படும் இடத்தில் போய் நின்றார். அவர் முதல் கோட்டு மரத்தின் தாழ்ந்த கிளைக்கு நுனியை உயர்த்தி விசையை அழுத்தினார்.