தோற்ற பக்கத்தைப் பேசச் சொன்னவர்

குழந்தைக்குச் சளி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலையில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. கனகமணி அக்கா போய்விட்டார். மருந்து பாதிதான் உள்ளே போயிருந்தது. மீதியைக் கொடுத்தேனா என்று இப்போதும் நினைவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரிந்திருக்கும். கோவையில் எங்கள் வரலாற்றுத் துறையில் ஆண்டுதோறும் மாணவர்கள் முன்னால் நானும் அவரும் வாதாடுவோம். ஜப்பானின் பழைய பானை ஓடுகளிலும், பசிபிக் கடலுக்கு அப்பால் தென்னமெரிக்கக் கரையில் கிடைத்த ஓடுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கீறல்கள். காற்றில் திசைமாறிய படகுக்காரர்கள்தான் அந்த வேலைப்பாட்டைக் கொண்டுபோனார்கள் என்பது அக்காவின் பக்கம். ஈர மண்ணும் நகமும் இருந்தால் யார் கையும் அப்படித்தான் கீறும் என்பது என் பக்கம்.

“அப்ப அந்தக் கரையில கத்துக்கறப்பக் கெடுத்துப்போட்ட பானையெல்லாம் எங்க அம்மணி? எடுத்த எடுப்புல அத்தன சுத்தமா எவளுக்கு வரும்? எனக்கு இன்னும் தோசையே வட்டமா வர்றதில்ல” என்பார். வகுப்பே சிரிக்கும்.

“இன்னும் தோண்டலீங்க்கா” என்பேன்.

ஒரு மதியம் ஒரு கட்டுரையோடு என் மேசைக்கு வந்தார். தென்னமெரிக்காவிலேயே வேறு இடங்களில் அந்தக் கரை ஓடுகளைவிடப் பழைய ஓடுகள் கிடைத்திருந்தன; படகு வருமுன்பே அங்கே பானை வனையத் தெரிந்திருந்தது. நான் அதைப் பார்த்திருக்கவில்லை. “என்ற படகு முழுகிப்போச்சு. இந்தா, நீயே வெச்சுக்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பவில்லை. குழந்தை இருமினால் எனக்கு மூச்சு நிற்கும். யாரிடமும் விட்டுப்போக மனம் வராது. அக்கா உடம்பு முடியாத நிலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தார்.

“இந்த வருசம் என்னால நிக்க முடியாது கண்ணு. என்ற பக்கத்த நீ பேசோணும்.”

“அது தோத்த பக்கமாச்சேங்க்கா.”

“அதனாலதான் கேக்கறேன். தோத்த பக்கத்த ஒழுங்காச் சொல்லோணும். இல்லீன்னா ஜெயிச்சவங்களுக்கு எதனால ஜெயிச்சோம்னே தெரியாது.”

“பாப்பாவ உட்டுப்போட்டு எப்படீங்க்கா?”

“அழுவா. அழுதா உங்கம்மா தூக்குவாங்க. உன்னையத் தூக்கி வளத்தவங்கதான?”

“யோசிக்கிறேனுங்க்கா” என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அக்காவின் பக்கத்தை மழுப்பாமல் பேசினேன். பேசி முடிக்கும்வரை அந்தப் படகுக்காரர்களை நானும் நம்பினேன். ஒரு மாணவி எழுந்தாள். “அதான் பழைய ஓடு கெடச்சிருச்சேங்க மேடம், இன்னும் எதுக்குங்க இதப் பேசறோம்?” அக்கா என்னிடம் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தோற்ற பக்கம்தான். அடுத்த ஆண்டும் அதை நானே பேசுவேன். என் பக்கத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.