ஒழுங்கைக்கு வந்த குழாய்

அருளம்பலம் கதிரையில் முதுகைச் சாய்த்து இருந்ததை அவருடைய மகள் கமலாவதி ஒரு நாளும் கண்டதில்லை. நுனியில்தான் இருப்பார். ஒரு குதிக்கால் நிலத்தில் படாமல் ஆடிக்கொண்டிருக்கும். சாப்பிட இருந்தாலும் அப்படித்தான். பாதியில் எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்து இருப்பார். சோறு ஆறிவிடும். பதின்மூன்று வருஷம் அவள் இதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்டதில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இருபத்துநாலு வயதில் மலாயாவுக்குப் போனவர் அவர். ஈப்போவில் தண்ணீர்ப் பகுதியில் எஞ்சினியராக இருந்தார். இரண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்த்தது, செத்துப்போன தமையனுடைய மகனைப் படிப்பித்தது எல்லாம் அங்கேயிருந்துதான். வீட்டுக்கு வருகிற கடிதங்களில் பெண்சாதி இரத்தினம்மாவின் முழங்கால் நோவை விசாரித்து, அடுத்த வரியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டிருப்பார். தாயின் அந்த முழங்காலால்தான் கமலாவதி ஐந்தாம் வகுப்போடு நின்றாள். முப்பத்தோராம் ஆண்டு அவர் பென்சனோடு வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. அவருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவே கூச்சமாக இருந்தது.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. மாரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பளவு வெள்ளத்தில் நடக்கிற இடத்தில் ஒரு மதகு கட்டுவித்தார். சுடலைக்குப் போகும் பாதைக்குக் கல் பரப்புவித்தார். ஊர் ஒரு பக்கம் அவரைப் புகழ்ந்தது, மற்றப் பக்கம் பகிடி பண்ணியது. அதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு வில்லங்கமும் வரவில்லை.

அவர்களுடைய வீடு கொழும்புத்துறைக்குக் கிட்ட, கடலேரிப் பக்கம். அங்கே கிணறுகளில் முக்காற்பங்கு உவர். இவர்கள் வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். கீழ் ஒழுங்கை என்ற சந்தில், ஊர் தாழ்ந்த சாதியென்று தள்ளிவைத்திருந்த சனம் விடிய எழும்பிக் குடங்களோடு வந்து கிணற்றுக்கு எட்ட நிற்கும். அவர்கள் கயிற்றைத் தொடக் கூடாது. வீட்டாள் ஒருவர் அள்ளி, குடத்தில் வாளி முட்டாமல் உயரத்தில் பிடித்து ஊற்ற வேண்டும். அது கமலாவதியின் வேலை. மாதத்தில் மூன்று நாள் அவளும் கிணற்றடிக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் சனம் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும்.

அப்படி ஒரு நாள் அருளம்பலம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இரத்தினம், உந்தப் பெண்டுகள் எப்ப வந்தவை?"

"விடிய வந்திருப்பினம். எனக்கெண்டால் காலை ஊண்டேலாது. நிக்கட்டுமன்."

"இப்ப பதினொரு மணி."

"அதுக்கு நான் என்ன செய்ய? நீங்கள் போய் அள்ளி ஊத்துங்கோவன், மலாயா எஞ்சினியர்!"

இரத்தினம்மா பகிடிக்குத்தான் சொன்னாள். அவர் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பத்தொன்பது குடத்துக்கு ஊற்றினார். அன்று பின்னேரமே கடுதாசியும் பென்சிலும் எடுத்தார். மூன்று மாதத்தில் கிணற்றடியில் கைப்பம்பு ஒன்று வந்தது. பக்கத்தில் ஆளுயரத்தில் சீமெந்துத் தொட்டி, தொட்டியிலிருந்து வேலிக்குக் கீழால் ஒரு இரும்புக் குழாய், அதன் முனையில் ஒழுங்கையில் தண்ணீர் திறக்கிற ஒரு திருகு. விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தொட்டியை அவரே நிரப்பினார்.

"தண்ணி குடுக்க வேண்டாமெண்டு நான் ஒரு நாளும் சொன்னனே?" என்றாள் இரத்தினம்மா. "எங்கடை கையாலை குடுக்கிறது ஒண்டு. அவையள் தங்கடை கையாலை திறந்து எடுக்கிறது வேறை."

"தண்ணி ஒண்டுதானே."

"உங்களுக்கு ஒண்டு. அளவெட்டியாருக்கு?"

அளவெட்டியில் கமலாவதிக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை பஞ்சலிங்கம் கொழும்பில் கிளாக்கர். சாதகம் பொருந்திவிட்டது. அவருடைய படத்தைத் தாய் காட்டியபோது கமலாவதி பாராததுபோல் நன்றாகப் பார்த்திருந்தாள். காது கொஞ்சம் பெரிது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நாள் வைக்க மாப்பிள்ளையின் மாமன் மார்க்கண்டு வைகாசி வெயிலில் வண்டி கட்டி வந்தார். ஒழுங்கையில் குழாயைச் சுற்றிக் குடங்களும் பெண்களும். வண்டிக்கு வழி விட ஓர் ஐந்து நிமிஷம் சென்றது. ஐந்து நிமிஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலாவதி செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை. தாகமில்லை."

குனிந்த தலையோடு நின்றாலும் அவள் கண்டாள். மனிசன் நாக்கால் உதட்டை நனைத்தார்.

அருளம்பலத்துக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியதும் அவர் செய்த வேலை, அவரைத் தவிர வேறொருவரும் செய்யமாட்டாத வேலை. கடுதாசி எடுத்துவந்து தொட்டியையும் குழாயையும் திருகையும் கீறிக் காட்டத் தொடங்கினார்.

"இஞ்சை பாருங்கோ மார்க்கண்டர். தொட்டி உயரத்திலை. தண்ணி கீழைதான் ஓடும். ஒழுங்கையிலை ஆர் தொட்டாலும் ஒரு துளி எங்கடை கிணத்துக்குத் திரும்பி வராது."

கணக்குச் சரியாக இருந்தால் மனிசர் ஒத்துக்கொள்ளுவினம் என்று அவர் நினைத்தார். மார்க்கண்டு மரியாதையாகப் பார்த்தார். கடுதாசியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தண்ணி திரும்பி வராது, எஞ்சினியர். அது விளங்குது. கதை திரும்பி வருமே. பிள்ளையிலை ஒரு குறை இல்லை. உந்தப் பைப்பைக் கழட்டிப்போட்டு ஒரு சொல் அனுப்புங்கோ. ஆனி முடியு மட்டும் பாத்திருக்கிறம்."

வண்டி போனபிறகு இரத்தினம்மா அழவில்லை. "ஊருக்கு மதகு கட்டினியள், நான் வாய் திறக்கேல்லை. இப்ப என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கைக்குக் குறுக்கை கட்டுறியள்" என்றாள். அதோடு அவருடன் கதைக்கிறதை விட்டாள்.

அன்றிலிருந்து அருளம்பலம் வளவுக்குள் நடந்தார். கிணற்றடியிலிருந்து வாசல் படலை, படலையிலிருந்து கிணற்றடி. நாலாம் நாள் கமலாவதி நெல் அவித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நீ ஒரு சொல் சொல்லு. சொன்னால் நாளைக்கே கழட்டிப் போடுறன். உன்னை விட எனக்குப் பைப் பெரிசில்லை."

அவர் மெய்யாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, இறக்க வேண்டிய பாரத்தை இறக்கியவர்போல் நடந்து போனார். கமலாவதிக்குக் கோபம் வந்தது. பிறந்தது முதல் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. கேட்ட முதற் கேள்வி இதுவா? கழட்டச் சொன்னால் அவர் கழட்டுவார். கழட்டிவிட்டு எங்கே நடப்பார்? வேண்டாமென்றால் அந்தப் பெரிய காதுக்காரர் இல்லை. அவளுக்கு நித்திரை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எட்டு நாள் அவள் பதில் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் வேலியோரம் கூட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பக்கத்தில் லூர்த்தம்மாவின் குரல் கேட்டது. கீழ் ஒழுங்கையில் அவளுக்குத்தான் வாய் பெரிது.

"பிள்ளை, உங்கை நிக்கிறியளே? முந்தி உங்கடை கையைப் பாத்துக்கொண்டு நிப்பம். இப்ப இந்த இரும்பின்ரை மூக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். இது முகத்தைச் சுளிக்கிறேல்லை."

"நான் எப்ப சுளிச்சனான்?" கமலாவதிக்குத் தன்னை அறியாமல் வாய் வந்துவிட்டது.

"கை நொந்தால் சுளிப்பியள். நாங்கள் அதைப் பாக்காமலே நிண்டனாங்கள்?" லூர்த்தம்மா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்களாலை உங்கடை கலியாணம் குழம்புதாம். மெய்யே?"

கமலாவதி திரும்பவும் கூட்டத் தொடங்கினாள். அந்தப் பக்கத்தில் குடம் இடுப்பில் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் விடிய ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. தொட்டி முட்ட நிறைந்து வழிந்தது. அருளம்பலம் படலையில் போய் நின்று ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். சனம் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் கட்டைக்கு அப்பால், வேறொருவருடைய கிணற்றடியில் போய் நிற்கிறது என்று பால்காரன் சொன்னான். இரத்தினம்மா, "கடவுளே, அவையளுக்காவது புத்தி வந்துதே" என்றாள்.

மூன்றாம் நாள் காலை கமலாவதி அடுக்களைக் குடத்தை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். தனியே அந்தப் படலையைத் தாண்டி அவள் போனதில்லை. ஒழுங்கையில் இறங்கிக் குழாயடியில் குந்தித் திருகைத் திறந்தாள். தண்ணீர் வேகமாக வந்து சேலையை நனைத்தது. சந்தைக்குப் போன இரண்டு ஆண்கள் நின்று பார்த்தார்கள். அவள் குடம் நிறையும் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. கீழ் ஒழுங்கை வளைவில் ஒரு சின்னப் பெட்டை அவளைக் கண்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"எடி, என்ன வேலையடி செய்தனி?" தாய் படலையில் நின்று தலையில் அடித்தாள்.

"தண்ணி எடுத்தனான், அம்மா."

அப்பனுக்கு அவள் பதில் சொல்லவேயில்லை. அவர் பம்படியில் நின்று கண்டார். பம்பின் கைபிடியைப் பிடித்தபடி கனநேரம் நின்றார். அவளைப் புகழவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. மறுநாள் லூர்த்தம்மா வந்தாள். கிழமை முடியமுன் மற்றவர்களும் வந்தார்கள். ஆனி முடிந்தது. பஞ்சலிங்கத்துக்கு ஆவணியில் வேறிடத்தில் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகும் அருளம்பலம் பத்து வருஷம் மாப்பிள்ளை தேடினார். எங்கே போனாலும் குழாயின் கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்பத்துமூன்றாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் மதகில் அடைத்த குப்பையை எடுக்க இறங்கினவருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. மாசியில் கண்ணை மூடினார். கடைசி நாட்களில் படுக்கையிலும் அந்தக் குதிக்கால் ஆடியது. "பிள்ளைக்கு ஒண்டும் செய்யாமல் போறன்" என்று தாயிடம் சொன்னதைக் கமலாவதி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே போய் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த நினைவு இன்றும் அவளை ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை.

அவர் போய் நாலு வருஷம். கமலாவதிக்கு முப்பத்துமூன்று வயது. கலியாணம் ஆகவில்லை. தாய் எல்லாம் பேசுகிறாள், பேச்சு அளவெட்டிப் பக்கம் மட்டும் போவதில்லை. விடிய ஐந்து மணிக்குக் கமலாவதி பம்படிக்கிறாள். கீழ் ஒழுங்கையில் இப்போது முப்பத்தொரு வீடு. எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.