சித்திரைக்குக் காத்திருந்த தலைவர்

அமெரிக்காவில் முன்பெல்லாம் நவம்பரில் தேர்தல் முடிந்தாலும் புதிய ஜனாதிபதி மார்ச்சில்தான் பதவியேற்பார். குதிரை வண்டியில் தலைநகருக்கு வந்து சேரவேண்டிய காலத்து ஏற்பாடு அது. ரயில் வந்தது, தந்தி வந்தது, ஏற்பாடு மட்டும் அசையவில்லை. வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த ஒரு குளிர்காலத்தில் தோற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார், வென்றவருக்கோ அதிகாரம் இல்லை. அரசியல் யாப்பைத் திருத்திப் பதவியேற்பை ஜனவரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது அடுத்த தேர்தலில் இருந்துதான் நடைமுறைக்கு வந்தது.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் இதை நான் வருடாவருடம் படிப்பிக்கிறேன். டெனிஷ் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே ஆட்சி மாறினால் பழைய அமைச்சர் சாவியோடு ஒரு சின்னப் பரிசையும் கொடுத்துவிட்டு உடனே போய்விடுவார்.

அவர்களுக்கு என்ன தெரியும், பக்கத்து ஊரான பிராண்டேயில் எங்கள் வீட்டிலேயே ஒரு அமெரிக்கா இருந்தது. தமிழ்ச் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த என் கணவர் நவம்பர் பொதுக்கூட்டத்தில் தோற்றுப்போனார். எங்கள் சங்க யாப்பின்படி புது நிர்வாகம் சித்திரை வருடப்பிறப்பன்றுதான் பொறுப்பேற்கும். ஒருவரிடமும் கார் இல்லாத நாட்களில், பனி கரைந்தால்தான் எல்லோரும் வந்து சேரலாம் என்று எழுதிய விதி. இப்போது வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது.

அந்த டிசம்பரில் சங்க மண்டபத்து ஹீட்டர் பழுதானது.

"இனி அவையள் பாக்கட்டும்," என்றார் இவர்.

"அண்ணை இருக்கேக்க நாங்கள் எப்பிடித் தொடுறது?" என்றார் புதுத் தலைவர்.

இந்த மரியாதைக்கு நடுவில் பிள்ளைகள் குளிர் ஜாக்கெட்டோடு நடனம் பழகினார்கள். ஓயாமல் அடித்த இவருடைய போன் ஊமையாகிவிட்டது. சனிக்கிழமைகளில் இவர் போய் மண்டபத்தைத் திறந்து, கதிரைகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வருவார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மனுசனை இப்படி அந்தரத்தில் தொங்கவிடுவது என்ன நியாயம்?

"விசேட கூட்டம் கூட்டுங்கோ. நான் திருத்தம் கொண்டு வாறன்," என்றேன்.

"கொண்டு வாரும்," என்றார்.

ஜனவரியில் கூட்டம் நடந்தது. அமெரிக்கக் கதை முழுவதையும் சொன்னேன். தேர்தல் முடிந்த மறுவாரமே பொறுப்பு மாறவேண்டும் என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. அடுத்த தேர்தலில் இருந்துதானே என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன்? எனக்கும் பொருந்தட்டும்," என்று எழும்பினார் என் கணவர். சாவியைப் புதுத் தலைவர் கையில் வைத்தார். மண்டபமே கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு நான்தான் காரோட்டினேன். பாதி வழியில் கேட்டார்:

"இனிச் சனிக்கிழமையில நான் எங்க போறது?"

அந்தரம் என்று நான் நினைத்த மாதங்களை அவர் விடைபெறும் காலமாக வைத்திருந்திருக்கிறார். அதையும் நானே கைதட்டலோடு முடித்துவைத்துவிட்டேன். காரை ஓரமாக நிறுத்தினேன்.

"என்னோட இருங்கோ," என்றேன். "எத்தினை வருசமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."